டெக்சஸ் ஏஜென்ட்டின் 24 மணி நேரம்: வகுப்பா, வெபினாரா, தானே படிப்பதா?

டெக்சஸில் இன்சூரன்ஸ் விற்கும் லைசென்ஸை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கட்டணம் 50 டாலர், அது பெரிய விஷயமில்லை. காலாவதியாகும் நாளுக்குள் 24 மணி நேரம் தொடர்கல்வி முடித்திருக்க வேண்டும், அதில் 3 மணி நேரம் எத்திக்ஸ், அதாவது தொழில் நெறிமுறை. பிடுங்கல் அங்கேதான். லைசென்ஸ் முடிவது அவரவர் பிறந்த மாதத்தின் கடைசி நாள். நான் டிசம்பர். ஊரே கிறிஸ்மஸ் விளக்கு பார்க்கப் போகும்போது நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

முதல் தடவை எனக்குப் பட்டதெல்லாம் விலைதான். தானே படித்துப் பரீட்சை எழுதும் பாடங்கள்தான் மலிவு. பிடிஎஃப் வரும், நினைத்தபோது படிக்கலாம், கடைசிப் பரீட்சையில் 70 சதவீதம் வாங்கினால் போதும். மொத்தம் 24 மணி நேரத்தையும் அப்படியே வாங்கிப் போட்டேன். பாதி நேரமாவது வகுப்பிலோ அதற்கு இணையான பாடத்திலோ இருக்க வேண்டும் என்ற விதி டிசம்பர் மூன்றாவது வாரத்தில்தான் கண்ணில் பட்டது. ஆக, என் 24-ல் 12 தான் செல்லும். குறைகிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அபராதம் 50 டாலர், அதாவது 600 டாலர். அதைக் கட்டினாலும் படிப்பு தள்ளுபடி ஆகாது, அந்த 12 மணி நேரத்தையும் படித்துத்தான் தீர வேண்டும். கிறிஸ்மஸுக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் வெபினாரில் உட்கார்ந்து தப்பித்தேன்.

சரி, அந்தப் பாதி நேரத்தை எதில் போடுவது? ஆன்லைனில் வகுப்புக்கு இணையானது என்று அங்கீகரித்த பாடங்கள் இருக்கின்றன. இரவு பதினொரு மணிக்கும் திறக்கலாம் என்பது வசதி. ஆனால் நடுநடுவே கேள்வி வந்து நிற்கும், பதில் சொல்லாமல் நகராது. வேகமாகப் படிக்கிறவருக்கு இது தண்டனை. சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில், பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து போக முடிவது இது ஒன்றில்தான்.

வெபினாரில் நேரம் நம் கையில் இல்லை. காலை ஒன்பது என்றால் ஒன்பதுதான். வண்டி ஓட்டிக்கொண்டே கேட்கலாம் என்று நினைக்காதீர்கள், ஆள் இருக்கிறாரா என்று அவ்வப்போது சோதிப்பார்கள். ஆனால் ஒரு நாள் உட்கார்ந்தால் ஒரு பெரிய துண்டு முடிந்துவிடும். எத்திக்ஸ் மூன்று மணி நேரத்தை இதில் வைத்துக்கொள்வேன். அதைத் தனியாகப் படித்தால் தூக்கம் வருகிறது, நாலு பேர் வாதாடினால் வருவதில்லை.

நேரடி வகுப்புக்கு டாலஸ் 635 நெடுஞ்சாலை நெரிசலில் போய் வருவதை நினைத்தாலே அலுப்பாக இருக்கும். செலவும் கூடுதல். இருந்தும் வீட்டுக் காப்பீடு விற்கிறவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஒரு வகுப்பில் ஆலங்கட்டி மழைப் பேச்சு வந்தது. 4 லட்சம் டாலர் காப்பீடு செய்த வீட்டுக்குக் கழிவுத்தொகை (டிடக்டிபிள், அதாவது இழப்பில் வீட்டுக்காரரே ஏற்க வேண்டிய பங்கு) 2 சதவீதம் என்றால், கூரை போனதும் வீட்டுக்காரர் கையிலிருந்து 8,000 டாலர் போகும். “அந்தக் கழிவுத்தொகையை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்” என்று கூரை போடும் ஒப்பந்தக்காரர் சொன்னால்? 2019 செப்டம்பரிலிருந்து டெக்சஸில் அது சட்டவிரோதம். அறையில் பாதிப் பேருக்கு இது புதுச் செய்தி. பக்கத்தில் இருந்த வயதான ஏஜென்ட், வாடிக்கையாளரிடம் இதை எப்படிச் சொன்னால் கோபம் வராது என்று காபி இடைவேளையில் சொல்லிக் கொடுத்தார். அது எந்த பிடிஎஃபிலும் கிடைக்காது. ஆயுள் காப்பீடு மட்டும் விற்கிறவர் இதற்காக அலைய வேண்டியதில்லை, வெபினார் போதும்.

தானே படிப்பதை நான் கைவிட்டுவிடவில்லை. மீதி 12 மணி நேரத்துக்கு அதை அடிக்க ஒன்றுமில்லை. ஆனால் தெரிந்த பாடத்தையே எடுத்து 70 சதவீதம் வாங்குவதில் என்ன இருக்கிறது? அரசு வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தை விற்கிற ஏஜென்ட்டுக்கு அதற்கென்றே ஒரு 3 மணி நேரப் பயிற்சி கட்டாயம். ஹூஸ்டன் பக்கம் வாடிக்கையாளர் இருந்தால் அதை இந்தக் கணக்கிலேயே முடிக்கலாம், தொடர்கல்வி அங்கீகாரம் உள்ள பாடமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

20 ஆண்டு லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு இந்தத் தலைவலி இல்லை, விலக்கு உண்டு. எனக்கு இன்னும் பதினோரு ஆண்டு இருக்கிறது. இந்த முறை எத்திக்ஸ் வெபினாரை ஆகஸ்டிலேயே முடித்தேன். செப்டம்பரில் ஒரு நாள் நேரடி வகுப்பு. சான்றிதழ் கைக்கு வந்தாலும் பதிவில் ஏறச் சில நாள் ஆகும் என்பதால், தொடர்கல்விப் பதிவைக் காட்டும் சிர்கான் தளத்தில் என் மணி நேரக் கணக்கை அக்டோபரில் ஒருமுறை திறந்து பார்த்தேன். 24 வந்திருந்தது. டிசம்பருக்கு ஆஸ்டினில் ஒரு அறை பதிவு செய்தாகிவிட்டது.