அளவெடுக்காமலே அளவுக்கூலி வாங்கினார்கள்: மலையகத்தில் சைக்கிள் வாங்குவோர் கவனத்துக்கு

நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் வீதியில் நாள்தோறும் வேலைக்குப் போய்வருவதற்காக, இவ்வருடம் மாசி மாதம் நகரக் கடையொன்றில் கியர் சைக்கிள் ஒன்று வாங்கினேன். உடம்புக்குப் பொருத்தித் தருவதற்கென்று தனியாக 4,000 ரூபாய் கேட்டு வாங்கியவர்கள், என் காலையோ கையையோ அளப்பதற்கு ஒரு நாடாவைக்கூட எடுக்கவில்லை. "தங்கச்சி, ரெண்டு காலும் முழுசாத் தரையில படணும், மலை ரோட்டுல அதுதான் பாதுகாப்பு" என்று சொல்லி, சீட்டை அடிவரை இறக்கிப் பூட்டியதோடு வேலை முடிந்துவிட்டது.

சீட் அவ்வளவு தாழ்ந்திருந்தால், பெடல் மேலே வரும் ஒவ்வொரு முறையும் முழங்கால் அளவுக்கு மீறி மடங்குகிறது. ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போது அந்தப் பாரம் முழுவதும் முழங்காற்சில்லில் இறங்குகிறது. மூன்றாவது வாரத்தில் வீட்டுப் படியேறவே எனக்குக் கடினமாகிவிட்டது. இறக்கத்திலோ, ஹேண்டில் எட்டாத தூரத்தில் இருந்ததால், பிரேக்கைப் பிடித்தபடி வரும்போது சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போயின. முறையிட்டபோது சீட்டை முன்னே தள்ளி, அதன் மூக்கைக் கீழ்நோக்கிச் சாய்த்துவிட்டு, பழகினால் சரியாகிவிடும் என்றார்கள். அதன் பின் நான் முன்னோக்கி வழுக்கிக்கொண்டே இருந்தேன். உடம்பின் பாரம் உள்ளங்கைகளுக்கு மாறி, மரமரப்பு இன்னும் கூடியது.

தலவாக்கலையில் சைக்கிள் திருத்தும் வயதான பாஸ் ஒருவர்தான் முதன்முதலில் என்னை அளந்தார். செருப்பைக் கழற்றிச் சுவரோடு நிற்கவைத்து, தடித்த அட்டைப் புத்தகமொன்றைக் கவட்டில் ஒட்டிப் பிடிக்கச் சொல்லி, தரையிலிருந்து அதன் மேல்விளிம்புவரை அளந்தபோது 74 சென்ரிமீற்றர் வந்தது. அதை 0.883 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 65. இரு பெடல் கைகளும் சேர்ந்து சுழலும் நடு அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்புறம்வரை இருக்க வேண்டிய உயரம் அது. கடையில் வைத்துத் தந்த உயரம் 59. ஒரே நாளில் உயர்த்தாமல், சில நாட்களில் சிறிது சிறிதாக ஏற்றினார். குதிகாலைக் கீழ்ப்பெடலில் வைத்தால் கால் நேராக நீள்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்த்தார். நிறுத்தும்போது சீட்டிலிருந்து இறங்கிக் கால் ஊன்றவும் பழக்கினார். ஹேண்டிலைத் தாங்கும் 110 மில்லிமீற்றர் தண்டைக் கழற்றி 70 மில்லிமீற்றர் தண்டைப் போட்டதும் கை மரப்பது நின்றது. முழங்கால் வலியும் பெரும்பாலும் போய்விட்டது.

ஆனால் பிரேம் 19 அங்குலம். 158 சென்ரிமீற்றர் உயரமுள்ள எனக்கு 15 அல்லது 16 அங்குலமே பொருந்தும் என்கிறார் பாஸ். இறங்கி நின்றால் மேற்குழாய் கவட்டில் இடிக்கிறது. அதை எந்தப் பாஸாலும் சரிசெய்ய முடியாது. கடையில் அன்று அந்த அளவு மட்டுமே இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கூலியையாவது திருப்பித் தாருங்கள் என்று கேட்டேன், மறுத்துவிட்டார்கள். பற்றுச்சீட்டின் பிரதியோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு அனுப்பியிருக்கிறேன். நீங்கள் வாங்கப் போனால், முதலில் சைக்கிளின் மேல் கால் அகட்டி நின்று, மேற்குழாய்க்கும் உங்களுக்கும் இடையில் இரண்டு அங்குலமாவது இருக்கிறதா என்று பாருங்கள். நாடா பிடிக்காதவருக்குப் பொருத்துகூலி கொடுக்காதீர்கள். பிரேம் அளவையும் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். என்னுடையதில் "கியர் சைக்கிள் 1, பொருத்துகூலி" என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை.