பில்ட் உடைந்த பிறகு போர்ட்டேஜ்: ஜென்டூ பேக்கேஜ் மேலாளர் பற்றி ஒரு மதிப்பாய்வு

ஜென்டூ லினக்ஸில் ஒரு பில்ட் (மூல நிரலைக் கம்பைல் செய்து பேக்கேஜாகக் கட்டும் வேலை) பாதியில் நின்றால் போர்ட்டேஜ் எதையும் அழிப்பதில்லை. விரித்த மூல நிரல், பாதி கம்பைல் ஆன கோப்புகள், பில்ட் லாக், அப்போதிருந்த சூழல் மாறிகள் எல்லாம் தற்காலிக அடைவில் அந்தப் பேக்கேஜின் பெயரிலேயே கிடக்கும். லாக் எங்கே இருக்கிறது என்று முழுப் பாதையோடு திரையிலும் சொல்லிவிடும். மூல நிரலிலிருந்து கட்டிக்கொள்ளும் லினக்ஸில் பில்ட் உடைவது சகஜம். உடைந்ததைப் பிரித்துப் பார்க்க இவ்வளவு வசதி தருவதற்காகவே போர்ட்டேஜைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம்.

புதிதாக வருபவர்களைத் திசைதிருப்புவது திரையின் கடைசி வரிகள்தான். சிவப்பு நட்சத்திரத்தோடு 'ஈமேக் ஃபெயில்ட்', அதாவது கட்டும் கட்டளை தோற்றது, என்று வரும். பலரும் அதையே நகலெடுத்துத் தேடுகிறார்கள். அதில் ஒன்றுமே இல்லை. எட்டு வேலைகள் ஒரே நேரத்தில் ஓடும்போது ஒன்று விழுந்தாலும், மற்ற ஏழும் கையில் இருக்கும் கோப்பை முடித்துவிட்டுத்தான் நிற்கும். அதற்குள் உண்மையான பிழை பல வரிகள் மேலே போய்விடும். லாக்கைத் திறந்து, 'எரர்' என்ற சொல் முக்காற்புள்ளியோடு முதன்முதலாக வரும் இடத்துக்குப் போங்கள். அப்போதும் பிடிபடாவிட்டால் ஒரே நேரத்தில் எத்தனை வேலை ஓடலாம் என்று சொல்லும் மேக்ஆப்ட்ஸ் அமைப்பை ஜே1 (ஒரே வேலை) என்று வைத்து ஓட்டினால் பிழை கடைசியிலேயே வந்து நிற்கும். ஜே1-இல் பில்ட் முடிந்தேவிட்டால் இரண்டில் ஒன்று: அந்தப் பேக்கேஜின் மேக்ஃபைலில் (கட்டும் படிகளை எழுதிய கோப்பில்) எது முதலில் உருவாக வேண்டும் என்பது சரியாக எழுதப்படவில்லை, இல்லையென்றால் நினைவகம் போதவில்லை.

நினைவகப் பிரச்சினைக்கு அடையாளம் தெளிவானது. 'கில்ட் சிக்னல் டெர்மினேட்டட் புரோகிராம் சிசி1பிளஸ்' என்று லாக்கில் இருந்தால், பெரும்பாலும் கெர்னல்தான் இடம் போதாமல் கம்பைலரைக் கொன்றிருக்கும். கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜியில் அதே நேரத்தில் 'அவுட் ஆஃப் மெமரி' வரி இருக்கிறதா என்று பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். ஒரு வேலைக்கு 2 ஜிபி என்பது ஜென்டூ விக்கி தரும் கணக்கு. 16 திரெட், 16 ஜிபி ராம் உள்ள கணினிக்கு ஜே8 போதும். இங்கே போர்ட்டேஜ்மீது எனக்குக் குறை உண்டு: மேக்ஆப்ட்ஸை எழுதாமல் விட்டால் திரெட் எண்ணிக்கையை மட்டும் பார்த்து 16 வேலைகளை ஓட்டும், ராமைப் பார்ப்பதில்லை. ஜே8 என்று எழுதிவைத்தாலும், பேக்கேஜ்களை நிறுவும் எமெர்ஜ் கட்டளைக்கு ஜாப்ஸ் 4 என்றும் கொடுத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்: 4 பேக்கேஜ், ஒவ்வொன்றுக்கும் 8 வேலை, ஆக 32 கம்பைலர்கள் வரை. தற்காலிக அடைவை ராமிலேயே இருக்கும் டெம்ப்எஃப்எஸ் கோப்பு முறைமையில் வைத்திருந்தால் அதுவும் அதே ராமைத்தான் தின்னும்.

போர்ட்டேஜின் ஆகச்சிறந்த வசதி, ஒரு பேக்கேஜுக்கு மட்டும் அமைப்பை மாற்ற உதவும் பேக்கேஜ்.என்வ். ஜிசிசி கம்பைலரின் 14ஆம் பதிப்பு 2024 மே மாதம் வந்தபோது, அறிவிக்காத ஃபங்ஷனைக் கூப்பிடுவது எச்சரிக்கையிலிருந்து பிழையாக மாறியது. 2025 ஏப்ரலில் வந்த ஜிசிசி 15, சி மொழியின் இயல்பு வடிவத்தை சி23 ஆக்கியது. பழைய நிரலில் ஒரு ஃபங்ஷனை வெறும் அடைப்புக்குறியோடு அறிவித்திருந்தால் முன்பு 'எத்தனை ஆர்குமென்ட் வேண்டுமானாலும்' என்று பொருள். இப்போது 'ஆர்குமென்டே கிடையாது' என்று பொருள். கூப்பிடும் இடத்தில் 'டூ மெனி ஆர்குமென்ட்ஸ்' என்று விழும். 'பூல்' என்ற பெயரில் சொந்தமாக டைப் வைத்திருந்த நிரல்களும் இதே காரணத்தால் அடிபட்டன. இதற்காக முழு கணினியின் சிஃபிளாக்ஸையும் (கம்பைலருக்குக் கொடுக்கும் தேர்வுகளை) தொட வேண்டியதில்லை. போர்ட்டேஜ் அமைப்பு அடைவுக்குள் இருக்கும் என்வ் அடைவில் ஒரு கோப்பு வைத்து, இருக்கிற சிஃபிளாக்ஸோடு சி மொழியின் பழைய ஜிஎன்யு17 தரத்தைச் சேருங்கள். பேக்கேஜ்.என்வ் கோப்பில் அந்தப் பேக்கேஜின் பெயரையும் இந்தக் கோப்பின் பெயரையும் ஒரே வரியில் எழுதுங்கள். அந்தப் பேக்கேஜுக்கு மட்டும் பழைய தரம், மற்றவற்றுக்குப் புதியது. ஒட்டு (மூல நிரலைத் திருத்தும் பேட்ச் கோப்பு) கையில் இருந்தால் இன்னும் சுலபம்: பேட்சஸ் அடைவில் வகை, பெயர் என்ற வரிசையில் உள்ளடைவுகள் வைத்து அதில் போட்டால், ஈபில்டை (பேக்கேஜை எப்படிக் கட்டுவது என்று எழுதிய கோப்பை) திருத்தாமலே பில்டில் சேர்ந்துவிடும்.

ஜிசிசி 14-இல் சத்தமில்லாத ஒரு ஆபத்தும் உண்டு. கம்பைலுக்கு முன் கணினியில் என்ன வசதிகள் உண்டு என்று சோதிக்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட், தன் சோதனை நிரலில் ஃபங்ஷனை அறிவிக்கும் ஹெட்டரைச் சேர்க்க மறந்திருந்தால் அந்தச் சோதனையே கம்பைல் ஆகாது; ஸ்கிரிப்ட் அதை 'இந்த வசதி இல்லை' என்று எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடும். பில்ட் வெற்றி, வசதி மட்டும் காணோம். இதையும் கான்ஃபிக் லாக்கில் தேடிப்பிடித்து 'க்யூஏ நோட்டீஸ்' (தர எச்சரிக்கை) என்று போர்ட்டேஜ் சொல்கிறது. இந்த அக்கறை பாராட்டுக்குரியது. அந்த மஞ்சள் வரிகளைத் தாண்டிப் போகாதீர்கள்.

கான்ஃபிகர் கட்டத்திலேயே 'சி நிரலை ஓட்ட முடியவில்லை' என்று நின்றால், தற்காலிக அடைவு, நிரல்களை ஓட்ட விடாத நோஎக்ஸெக்கோடு மவுன்ட் ஆகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்த சந்தேகம், எந்தச் செயலிக்குக் கட்டுவது என்று சொல்லும் மார்ச் அமைப்பை வேறு கணினியிலிருந்து அப்படியே நகலெடுத்தது. 'அக்செஸ் டினைட்' என்று வந்தால் பில்ட் தன் எல்லைக்கு வெளியே எழுதப் பார்க்கிறது, சாண்ட்பாக்ஸ் என்ற காவல் தடுக்கிறது. இணையத்திலிருந்து எதையோ இறக்க முயன்று தோற்றால் நெட்வொர்க் சாண்ட்பாக்ஸ் தடுத்திருக்கிறது. இந்த இரண்டு காவல்களையும் அணைத்துவிட்டுத் தொடர்வது தவறு; திருத்த வேண்டியது ஈபில்டை.

திருத்திய பிறகு எமெர்ஜை மறுபடி கொடுத்தால் பழைய வேலை அடைவு துடைக்கப்பட்டு முதலிலிருந்து தொடங்கும். பெரிய பேக்கேஜில் அது மணிக்கணக்கு. ஈபில்ட் கட்டளைக்கு அந்த ஈபில்ட் கோப்பின் பாதையையும் கம்பைல் என்ற சொல்லையும் கொடுத்தால் முடிந்த கட்டங்களைத் தாண்டி விட்ட இடத்திலிருந்து போகும். சிஃபிளாக்ஸை மாற்றியிருந்தால் மட்டும் இது உதவாது; கான்ஃபிகரிலிருந்து மறுபடி ஓடினால்தான் புது அமைப்பு ஏறும்.

சார்பு மோதல் செய்திகள்தான் உண்மையான பலவீனம். ஒரே ஸ்லாட்டில் (ஒரு பேக்கேஜின் ஒரு பதிப்பு மட்டுமே இருக்கக்கூடிய இடத்தில்) இரண்டு பதிப்புகள் மோதினால் பக்கம் பக்கமாக வரும். காரணமான ஒரு வரியைத் தேடிப்பிடிக்க அனுபவம் வேண்டும். பல ஆண்டுகளாக இருக்கும் குறை இது, சீர்செய்யத் தகுந்தது. கம்பைல் செய்யும் பொறுமை இல்லாதவர்களுக்கு 2023 டிசம்பர் முதல் ஜென்டூவே முன்பே கம்பைல் செய்த பைனரி பேக்கேஜ்களையும் பரவலாகத் தருகிறது. பெரியவற்றை மட்டும் அப்படி எடுத்துக்கொள்ளலாம்.

பிழையைப் புகார் செய்யும்போது முழு பில்ட் லாக்கையும் உங்கள் அமைப்பைக் காட்டும் எமெர்ஜ் இன்ஃபோ வெளியீட்டையும் இணையுங்கள். கடைசி இருபது வரி போதாது. போர்ட்டேஜின் முதன்மை அமைப்புக் கோப்பான மேக்.கான்ஃபில், செய்திகளின் மொழியைச் சொல்லும் எல்சி மெசேஜஸ் வரியையும் அப்படியே விட்டுவையுங்கள். உங்கள் திரை தமிழில் இருந்தாலும் லாக் ஆங்கிலத்தில் வரும். அதே பிழைக்கு யாராவது ஒட்டு போட்டிருந்தால் தேடலில் அகப்படுவது அந்த வரியால்தான்.