60-ல் நடுங்கிய ஜிப்ஸி: சரிசெய்து நாலு வருடத்துக்குப் பிறகு

கோத்தகிரியில் மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தவரை என் மாருதி ஜிப்ஸியின் அந்த நடுக்கம் எனக்குத் தெரியவே இல்லை. மலைப்பாதையில் 40-ஐத் தாண்டுவதே அபூர்வம். மேட்டுப்பாளையம் இறங்கி, காரமடை பக்கம் நேர் ரோட்டில் 55-ஐத் தொட்டதும் தரைத்தகடு அதிர ஆரம்பிக்கும். 60-ல் ஃபோர்வீல் லீவரின் குமிழ் ஒன்று இரண்டாகத் தெரியும். 70-க்கு மேல் கொஞ்சம் அடங்கும்.

வண்டி 2001 மாடல் ஜிப்ஸி கிங். 2017-ல் வாங்கியபோதே முந்தைய உரிமையாளர் நீளமான ஷாக்கிள் (கமான் கட்டு எனும் பட்டை ஸ்பிரிங்கின் முனையைச் சட்டத்தோடு இணைக்கும் இரும்புத் துண்டு) போட்டு உயர்த்தி வைத்திருந்தார். எஸ்டேட் பாதைக்கு அந்த உயரம் எனக்கும் தேவைப்பட்டது, அதனால் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை.

முதலில் டயர் என்றார்கள். வீல் பேலன்சிங் இரண்டு தடவை, அப்புறம் நாலு புது டயர். மாற்றமில்லை. அடுத்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் பின் ஷாஃப்டின் இரண்டு கிராஸையும் (முனைகளில் மடங்கிச் சுழல விடும் சிலுவை இணைப்பு) மாற்றினேன். பழைய கிராஸின் மூடியைக் கழற்றியதும் காய்ந்த செம்பொடி கொட்டியது. ஊசி பேரிங்குகள் அழுத்தி அழுத்தி, தண்டில் வரிவரியாகப் பள்ளம் விழுந்திருந்தது; நகத்தை வைத்து இழுத்தால் தட்டியது. இதுதான் காரணம் என்று முழுசாக நம்பினேன். நடுக்கம் கால்வாசி குறைந்தது, அவ்வளவுதான். இதற்குள் மூன்று வருடம் ஓடிவிட்டது, பினியன் (ஷாஃப்டோடு சேரும் பின் ஆக்சிலின் பல்சக்கரம்) ஆயில் சீல் இரண்டு முறை போய்விட்டது.

2020 கடைசியில்தான் இனி எதையும் வாங்குவதில்லை, முதலில் எண்ணிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். கணக்கு சுலபம். 205/70 ஆர்15 டயர் ஒரு சுற்றுக்கு சுமார் 2.1 மீட்டர் போகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் செகண்டுக்கு 8 சுற்று. டிஃபரன்ஷியல் (ஆக்சிலின் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டி) விகிதம் ஏறக்குறைய நாலுக்கு ஒன்று, ஆக பின் ஷாஃப்ட் 31 சுற்று. ஜிப்ஸியில், முன் பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டியிருக்காது. தனியாக ரப்பர் மவுண்டிங்கில் தொங்கும், இரண்டுக்கும் நடுவே ஒரு குட்டி ஷாஃப்ட் உண்டு. அது பின் ஷாஃப்டைவிட 1.4 மடங்கு வேகமாக, 44 தடவை சுற்றும். நடுக்கம் செகண்டுக்கு எத்தனை தடவை என்பதே எந்தப் பாகம் என்று சொல்லிவிடும்: டயர் கோளாறு என்றால் 8, பின் ஷாஃப்ட் பேலன்ஸ் என்றால் 31, நடு ஷாஃப்ட் என்றால் 44. கிராஸின் கோணத்தில் தப்பு என்றால் ஒரு சுற்றுக்கு இரண்டு உதறல், அதாவது 62.

ஃபோனில் அதிர்வு அளக்கும் செயலியைப் போட்டு, சீட்டுக்குக் கீழே தரையில் டேப் போட்டு ஒட்டினேன். செகண்டுக்கு 200 தடவையாவது அளவெடுக்கும் ஃபோனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் 62 சரியாகப் பதிவாகாது. 60-ல் நிலையாக ஓட்டினேன். நாலாவது கியர், ஐந்தாவது கியர், அப்புறம் நியூட்ரல். மூன்றிலும் ஒரே நடுக்கம், எனவே இன்ஜின் இல்லை. முன் ஆக்சிலுக்குப் போகும் ஷாஃப்டை, எட்டு போல்ட்டையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு ஓட்டினேன், அப்போதும் அதே. வரைபடத்தில் 62 பக்கம் பனைமரம் மாதிரி ஒரு கோடு, 44-ல் சின்னதாக ஒன்று. 8-ல் ஒன்றுமே இல்லை. நாலு டயருக்குக் கொடுத்த பணம் அந்த நிமிடம் ரொம்ப உறுத்தியது.

பின் ஷாஃப்டைக் கழற்றி லாரி பட்டறை ஒன்றுக்கு எடுத்துப்போனேன். அங்கிருந்த பெரியவர் அதைத் தரையில் படுக்கவைத்து, ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்தார். "தம்பி, ரெண்டு பக்கக் காதும் ஒரே கோட்டுல இருக்கணும். இது திரும்பிக் கெடக்கு பாரு" என்றார். கிராஸைப் பிடிக்கும் கவையைத்தான் காது என்கிறார். எப்போதோ கிரீஸ் வைக்கப் பிரித்தவர் ஷாஃப்டின் இரு துண்டும் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் பல்வரிசையான ஸ்ப்லைனில் ஒன்றிரண்டு பல் தள்ளி மாட்டியிருக்கிறார். ஒரு முனையின் கிராஸ் உண்டாக்கும் வேக ஏற்றத்தாழ்வை மறுமுனையின் கிராஸ் ஈடுகட்ட வேண்டும். காது திரும்பினால் ஈடுகட்டுவதற்குப் பதில் மிச்சம் நிற்கும். பிரித்து, நேராக்கி மாட்டினோம். ஒரு ரூபாய்ப் பொருள் இல்லை. பாதி நடுக்கம் போனது. உளியால் இரண்டு பக்கமும் ஒரு கோடு போட்டுத் தந்தார், அடுத்தவர் பிரித்தாலும் தப்பாக மாட்ட மாட்டார்.

மீதிப் பாதி ஷாக்கிளால் வந்தது. பழைய அளவைவிட மூன்று இஞ்ச் நீளம். வண்டி உயர்ந்தது ஒன்றரை இஞ்ச்தான், ஆனால் கமான் கட்டின் பின்முனை இறங்கியதால் ஆக்சில் உருண்டு பினியன் மூக்கு மேலே நிமிர்ந்துவிட்டது. கோணமானியை, ஷாஃப்டின் இரு முனையும் போல்ட் ஆகும் இரண்டு ஃபிளாஞ்சிலும் வைத்துப் பார்த்தேன். இணையாக இருக்க வேண்டியவை 4 டிகிரி விலகி நின்றன. லேத்தில் 4 டிகிரி இரும்பு ஆப்பு கடைந்து, தடித்த பக்கம் பின்னால் வரும்படி கமான் கட்டுக்கும் ஆக்சிலுக்கும் நடுவே வைத்தோம். அலுமினியத்தில் மலிவாகக் கிடைக்கும். பாரத்தில் விரிசல் விடும் என்பதால் நான் தொடவில்லை. ஆப்பின் தடிமனுக்கு ஏற்ப, கமான் கட்டின் நடுவில் வரும் சென்டர் போல்ட்டும் நீளமாக வேண்டும். இதை மறந்தால் ஆக்சில் இடத்தைவிட்டு நகரும். ஆக்சிலையும் கமான் கட்டையும் சேர்த்து இறுக்கும் யு-போல்ட் புதிது போட்டு, 500 கிலோமீட்டரில் மறுபடி இறுக்கினேன். 44-ல் இருந்த சின்னக் கோடு, டிரான்ஸ்ஃபர் கேஸின் வெடித்துப்போன மூன்று மவுண்டிங் ரப்பரையும் மாற்றியதும் போய்விட்டது.

அதன்பின் 41,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். 5,000-க்கு ஒரு தடவை கிராஸுக்கும் ஸ்ப்லைனுக்கும் கிரீஸ், ஓடையில் இறக்கினால் அன்றைக்கே. ஆப்பு அசையவில்லை. மவுண்டிங் ரப்பரில் ஒன்று மட்டும் போன வருடம் கிழிந்தது. 80-க்கு மேல் ஆக்ஸிலரேட்டரை விட்டால் லேசான ரீங்காரம் இன்னும் உண்டு. ஸ்ப்லைன் தேய்மானம், ஷாஃப்டே மாற்றினால்தான் போகும். இந்த மலையில் 80 எனக்கு எப்போதாவதுதான், அதனால் விட்டுவைத்திருக்கிறேன்.

பினியன் ஆயில் சீல் 2020-ல் கடைசியாக மாற்றியதுதான். போன வாரம் கீழே படுத்துத் துடைத்துப் பார்த்தேன், துணியில் எண்ணெய் ஒட்டவில்லை.