மொஹ்தரமாவா, பேகமா?

உருதுவில் ஒரு பெண்ணை மரியாதையாக அழைக்க இந்த இரண்டுமே இருக்கின்றன, ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் சரிவராது. மொஹ்தரமா பெயருக்கு முன்னால் வரும், கல்யாணம் ஆனவரா இல்லையா என்ற கேள்வியே அதில் இல்லை. 1965 பாகிஸ்தான் அதிபர் தேர்தலில் அயூப் கானை எதிர்த்து நின்ற, திருமணமே செய்துகொள்ளாத பாத்திமா ஜின்னாவும் மொஹ்தரமாதான், கணவர் இருந்த பெனசீர் பூட்டோவும் மொஹ்தரமாதான். மேடை, கடிதம், அறிமுகமில்லாதவர் என எங்கும் தயங்காமல் சொல்லலாம்.

பேகம் அப்படியில்லை. வட இந்தியாவில் இருந்த அவத் அரசின் பேகம் ஹஸ்ரத் மஹல் காலத்தில் அது அரண்மனைப் பட்டம். பிறகு கணவரின் பெயரோடு ஒட்டி 'இன்னாரின் மனைவி' என்றாகிவிட்டது, வீட்டில் கணவர் மனைவியைக் கூப்பிடுவதும் பேகம் என்றுதான். பாடகி அக்தரிபாய் ஃபைசாபாதி 1945-ல் ஒரு வழக்கறிஞரை மணந்த பிறகு பேகம் அக்தர் ஆனார், அந்த ஒரு மாற்றத்திலேயே சமூகம் எதை மதித்தது என்று தெரிகிறது, எனக்கு அது வருத்தம்தான்.

முன்பின் தெரியாத பெண்ணிடம் பேகம் என்று ஆரம்பிக்காதீர்கள். மொஹ்தரமா சொல்லுங்கள், கூடவே 'ஆப்' (மரியாதையான 'நீங்கள்') போட்டுப் பேசுங்கள்.