ப்ரெப் ஸ்கூல் தேர்வு: வெஸ்ட்மின்ஸ்டர் அண்டர், டிராகன், டன்ஹர்ஸ்ட்

இங்கிலாந்தில் பிள்ளைகளை 13 வயது வரை படிக்கவைத்து சீனியர் தனியார் பள்ளிகளுக்குத் தயார் செய்கிற ப்ரெப் ஸ்கூல் எதன் வலைத்தளத்தைத் திறந்தாலும் அன்பு, துணிவு, மரியாதை, விடாமுயற்சி என்று நாலு வார்த்தை வரிசையாக நிற்கும். எல்லாப் பள்ளியும் அதையே சொல்வதால் அதை வைத்து ஒன்றையும் முடிவு செய்ய முடியாது. யாரைச் சேர்க்கிறார்கள், பிள்ளை வாத்தியாரை எப்படிக் கூப்பிடுகிறது, மத்தியான நேரம் எதில் போகிறது, 13 வயதில் எங்கே அனுப்புகிறார்கள், இதையெல்லாம் பார்த்தால்தான் பள்ளி எதை மதிக்கிறது என்று தெரியும். லண்டனில் நம்மவர்கள் நடுவே இந்தப் பேச்சு பெரும்பாலும் கடைசிக் கேள்வியோடு நின்றுவிடுகிறது. எனக்கு அது வருத்தம்தான், ஏழு எட்டு வயதில் உள்ளே போகிற பிள்ளை தன் குழந்தைப் பருவத்தையே அங்கேதான் கழிக்கப்போகிறது.

மூன்று பள்ளிகளை எடுத்துக்கொள்கிறேன், மூன்றும் மூன்று திசை.

முதலில் வெஸ்ட்மின்ஸ்டர் அண்டர் ஸ்கூல். 1943-ல் தொடங்கியது, லண்டன் வின்சென்ட் ஸ்கொயரில் இருக்கிறது. ஏழு வயதிலேயே எழுத்துத் தேர்வு, அப்புறம் நேர்காணல். படிப்பில் பசி உள்ள பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்து ஒன்றாக உட்காரவைப்பதுதான் அதன் அடிப்படை எண்ணம், அதை அவர்கள் மறைப்பதும் இல்லை. வகுப்பில் தன் வேகத்துக்கு யாரும் இல்லை என்று சலித்துப்போகிற பிள்ளைக்கு இது வரம். ஆனால் ஏழு வயதுத் தேர்வு என்றால் ஐந்தரை, ஆறு வயதில் வீட்டில் டியூஷன் தொடங்கிவிடுகிறது, அந்த வயதில் பிள்ளையின் உண்மையான ஆர்வம் எது, அம்மா அப்பாவின் உழைப்பு எது என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

ஆக்ஸ்போர்டில் உள்ள டிராகன் ஸ்கூலின் கதையே வேறு. 1877-ல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் தங்கள் பையன்களுக்காக ஏற்படுத்திய பள்ளி. நிர்வாகக் குழுவில் ஜார்ஜ் என்று ஒருவர் இருந்தார், புனித ஜார்ஜ் டிராகனைக் கொன்ற கதை எல்லாருக்கும் தெரியுமே, அதனால் பையன்கள் தங்களை டிராகன்கள் என்று விளையாட்டாகச் சொல்லிக்கொள்ள, கடைசியில் பள்ளிக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. பிள்ளைகளின் கேலியைத் தன் பெயராக ஏற்றுக்கொண்ட பள்ளி என்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. 1886 முதல் 1920 வரை தலைமை ஆசிரியராக இருந்த சி. சி. லைனமை எல்லாரும் ஸ்கிப்பர் என்றுதான் கூப்பிட்டார்கள், புளூ டிராகன் என்ற பாய்மரப் படகில் நார்வே வரை போய்வந்த மனிதர். விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் ஒரு சின்னப் பையன் தலைமை ஆசிரியரைப் பட்டப்பெயரில் கூப்பிட முடிந்தது என்றால் மற்ற பள்ளிகளோடு ஒப்பிட்டால் எவ்வளவு பயம் குறைந்திருக்கும்! அதே சமயம் படிப்பில் தளர்வு கிடையாது, 13 வயதில் ஈட்டன், வின்செஸ்டர், ராட்லி, ஆக்ஸ்போர்டிலேயே உள்ள மாட்லின் காலேஜ் ஸ்கூல் என்று பல இடங்களுக்குப் போகிறார்கள். பெரிய பள்ளி, கலகலப்பான பள்ளி. ஒதுங்கி நிற்கிற பிள்ளை அந்தக் கூட்டத்தில் யார் கண்ணிலும் படாமல் போக வாய்ப்பு உண்டு, அதை நேரில் போய்ப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

மூன்றாவது, ஹாம்ப்ஷயரில் பீட்டர்ஸ்ஃபீல்டுக்குப் பக்கத்தில் ஸ்டீப் கிராமத்தில் உள்ள டன்ஹர்ஸ்ட். இது பெடேல்ஸ் பள்ளியின் ப்ரெப். ஜான் பேட்லி 1893-ல் பெடேல்ஸைத் தொடங்கியபோது அன்றைய பப்ளிக் ஸ்கூல்களின் (பெயர் அப்படி இருந்தாலும் இவை கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகள்) கெடுபிடிக்கு நேர் எதிராக ஒன்றை உருவாக்க நினைத்தார், 1898-லேயே பெண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார், எந்த மதப் பிரிவையும் சாராமல் நடத்தினார். டன்ஹர்ஸ்டில் சீருடை கிடையாது, ஆசிரியர்களை முதல் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது கொஞ்சம் இடிக்கும், ஆனால் அங்கே மரியாதை வேறு வடிவத்தில் இருக்கிறது: பெடேல்ஸில் கூட்டம் முடிந்ததும் மாணவர்கள் ஆசிரியர்களிடம் வரிசையாக வந்து கைகுலுக்கிவிட்டுப் போவது பழைய வழக்கம். களிமண் வேலை, மர வேலை, துணி வேலை, ஆடு மாடு பார்ப்பது, இதெல்லாம் அங்கே பாடத்துக்கு வெளியே இருக்கிற பொழுதுபோக்கு இல்லை, பாடமேதான். கையால் செய்வதை மூளையால் செய்வதற்குச் சமமாக வைக்கிற துணிச்சல் மற்ற இரண்டிலும் இந்த அளவுக்கு இல்லை. குறை என்றால், மேலே பெடேல்ஸுக்கே போவதாக இருந்தால் எல்லாம் சீராகப் பொருந்தும், வேறு பள்ளி மனதில் இருந்தால் தயாரிப்புக்கு எவ்வளவு இடம் தருகிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

உண்மையில் பள்ளியின் குணம் வெளிப்படுகிற இடம் ஆறாம் ஆண்டில் வருகிற ஐ.எஸ்.இ.பி. ப்ரீ-டெஸ்ட், அதாவது தனியார் பள்ளிகளின் தேர்வு வாரியம் நடத்துகிற முன்தேர்வு. கம்ப்யூட்டரில் எழுதுவது, ஆங்கிலம், கணக்கு, சொல்வழித் தர்க்கம், படவழித் தர்க்கம் என்று நாலு பகுதி, பிள்ளையின் பதிலைப் பொறுத்து அடுத்த கேள்வி கூடும் குறையும். பத்து பதினொரு வயதில் எழுதுகிற இதை வைத்துத்தான் பல சீனியர் பள்ளிகள் 13 வயது இடத்தை முடிவு செய்கின்றன. அன்புதான் முக்கியம் என்று சொல்கிற பள்ளி, கேட்ட இடம் கிடைக்காத பிள்ளையை மறுநாள் எப்படி நடத்துகிறது? பெற்றோர் பள்ளியைச் சுற்றிப் பார்க்க வருகிற ஓப்பன் டே அன்று தலைமை ஆசிரியரிடம் நான் முதலில் கேட்கச் சொல்வது இதைத்தான். மழுப்பினால் அங்கேயே தெரிந்துவிடும்.

பணம் பற்றிச் சுருக்கமாக: 2025 ஜனவரி 1 முதல் கட்டணத்தின் மேல் 20 சதவீதம் வாட் (மதிப்புக்கூட்டு வரி) இருக்கிறது, விடுதி சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். உதவித்தொகை பற்றிக் கேட்க யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

என் முடிவைக் கேட்டால், பெரும்பாலான பிள்ளைகளுக்கு டிராகன் மாதிரிப் பள்ளிதான். படிப்பும் விளையாட்டும் குறும்பும் ஒரே கூரைக்கு அடியில் இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பினாலும் கதவு திறந்திருக்கிறது. சொல் பேச்சில் பின்தங்கி, கையில் எதையாவது கொடுத்தால் மலர்கிற பிள்ளையாக இருந்தால் யோசிக்காமல் டன்ஹர்ஸ்ட் பக்கம் போங்கள். வெஸ்ட்மின்ஸ்டர் அண்டருக்குப் பிள்ளை தானாகப் புத்தகத்தைத் தேடி ஓடுகிறதென்றால் மட்டும் முயற்சி செய்யுங்கள். எந்தப் பக்கம் போனாலும், தனியார் பள்ளிகளை ஆய்வு செய்கிற ஐ.எஸ்.ஐ. அமைப்பின் அறிக்கை எல்லாருக்கும் இலவசமாகப் படிக்கக் கிடைக்கிறது, சுற்றிக்காட்ட வருகிற பிள்ளைகளிடம் போன வாரம் மத்தியானம் என்ன செய்தாய் என்றும் கேட்டுப் பாருங்கள்.