'ஆஸ்துமா பேக்கேஜ்' என்று யாராவது சொன்னால் பணத்தை எடுக்காதீர்கள்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். எடை 86 கிலோவைத் தொட்டதும் டாக்டர் உடற்பயிற்சி செய்யச் சொன்னார். மதுரையில் எங்கள் வீட்டுப் பக்கம் புதிதாகத் திறந்த ஜிம்முக்குப் போனேன். சேர்க்கைப் படிவத்தில் ஆஸ்துமா என்று எழுதியதைப் பார்த்துப் பயிற்சியாளர் சிரித்தார்.

"இதெல்லாம் ஒரு வியாதியாண்ணே? மூணு மாசத்துல இன்ஹேலரைத் தூக்கிப் போட வைக்கிறேன். இதுக்குன்னே தனி பேக்கேஜ் இருக்கு."

ஆறு மாதத்துக்கு 14,000 ரூபாய், 'நுரையீரல் பவுடர்' ஒரு டப்பா 2,200. ஜிபேயில் கட்டினேன். ரசீதை வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொன்னார். இன்னும் வரவில்லை.

மூன்றாம் நாள் எடுத்த எடுப்பிலேயே டிரெட்மில்லில் ஏற்றி வேகத்தைக் கூட்டினார். ஏசி நேராக முகத்தில். இன்ஹேலர் லாக்கரில், "கையில இருந்தா மனசு அதையே தேடும்ணே" என்று வைக்கச் சொன்னதே அவர்தான். ஓடும்போது பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. இறங்கி ஐந்து நிமிடம் இருக்கும், நெஞ்சின் மேல் அம்மிக்கல்லை வைத்த மாதிரி ஆகி, மூச்சு விசிலடித்தது. "சளி இளகுதுண்ணே, நல்லதுதான்" என்றார். டம்பெல் தூக்கிக்கொண்டிருந்த ஒரு பையன்தான் ஓடிப்போய் என் பையை எடுத்து வந்தான். நாலு பஃப் இழுத்த பிறகுதான் பேச்சு வந்தது.

டாக்டர் திட்டினார். வாயால் வேகமாக மூச்சு வாங்கும்போது வறண்ட குளிர்காற்று மூச்சுக்குழாயை உலர்த்திச் சுருக்கிவிடுமாம். ஓட்டத்தை நிறுத்திய 5 முதல் 10 நிமிடத்தில்தான் அது உச்சத்துக்குப் போகும். அதனால் முதல் 10 நிமிடம் மெதுவாகத்தான் தொடங்க வேண்டும். எனக்கு உடற்பயிற்சிக்கு 15 நிமிடம் முன்னால் சால்பியூட்டமால், அதாவது மூச்சுக்குழாயை உடனே விரிக்கும் நீல இன்ஹேலர், எழுதிக் கொடுத்தார். தினசரி இன்ஹேலரை நானாக நிறுத்தியிருந்தேன், அது என் தப்பு. "மூச்சு முட்டி நீல இன்ஹேலரை வாரத்துல ரெண்டு தடவைக்கு மேல தேடினா ஆஸ்துமா கட்டுக்குள்ள இல்லைன்னு அர்த்தம். முதல்ல அதைச் சரி பண்ணுங்க, அப்புறம் ஓடலாம்."

பணத்தைத் திருப்பிக் கேட்டால், "உங்க உடம்பு ஒத்துழைக்கல, நாங்க என்ன பண்றது?" என்கிறார்கள். டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். தயாரித்தவர் பெயர் இல்லை, உணவுப் பொருளில் இருக்க வேண்டிய 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண்ணும் இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லியிருக்கிறேன். கையில் இருப்பது ஜிபே பதிவு மட்டும்தான்.

இப்போது சாயங்காலம் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிறேன். முதல் சுற்று ஆமை வேகம், பஜ்ஜிக் கடைப் புகை வந்தால் எதிர்ப்பக்கம். இன்ஹேலர் சட்டைப் பையில். அந்த ஜிம் வாசலில் நேற்று புது போர்டு பார்த்தேன்: சுகர் பேஷண்ட்டுகளுக்குத் தனி பேக்கேஜ்.