46,500 ரூபாய்க்கு ஒரு டப்பா ஸ்ப்ரே பெயிண்ட்

கோவைப் பக்கம் டர்ட் பைக் வைத்திருப்பவர்கள், "ட்ராக் செட்டிங்" (ஓட்டுகிறவர் எடைக்கும் ட்ராக்குக்கும் ஏற்ப வண்டியைச் சரிசெய்வது) போட யாரிடமாவது வண்டியை விடப் போகிறீர்கள் என்றால் இதைப் படித்துவிட்டு விடுங்கள். பட்டறையின் பெயரை எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும்.

என்னுடையது கவாஸாகி கேஎக்ஸ்250, 2021 மாடல், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ரோட்டில் ஓட்டக் கூடாத வண்டி என்பதால் டாடா ஏஸில் ஏற்றித்தான் பயிற்சி ட்ராக்குக்குப் போவேன். என் எடை 86 கிலோ. ஹெல்மெட், பூட்ஸ், நெஞ்சுக் கவசம் எல்லாம் மாட்டினால் 95ஐத் தொடும். தொழிற்சாலையிலிருந்து வரும் ஸ்பிரிங் கிட்டத்தட்ட 70, 75 கிலோ ஆளை மனதில் வைத்துப் போட்டது. அதனால் எனக்குப் பின்பக்கம் எப்போதும் தொங்கலாகவே இருக்கும், வளைவில் முன்சக்கரம் வெளியே ஓடும். அதைச் சரிசெய்யத்தான் போனேன்.

கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிற ஊர். ட்யூனிங் பட்டறைக்குப் பஞ்சமில்லை. நான் போன இடத்தில் சுவர் முழுக்க ஸ்டிக்கர், அலமாரி நிறைய கோப்பை. அந்தக் கோப்பைகள் யார் ஜெயித்தவை என்று நான் கேட்கவில்லை. என் தப்பு அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

"அண்ணா, அடுத்த வாரம் வந்து எடுத்துக்கங்க. வூப்ஸ்ல படகு மாதிரிப் போகும்" என்றார் பட்டறைத் தம்பி. வூப்ஸ் என்பது ட்ராக்கில் வரிசையாக வரும் சின்னச் சின்ன மேடுகள். என்னை மேலும் கீழும் பார்த்து, "எண்பது இருப்பீங்களாண்ணா?" என்றார். அவ்வளவுதான். வண்டி மேல் உட்காரச் சொல்லவில்லை. எந்த ட்ராக்கில் ஓட்டுகிறேன் என்று கேட்கவும் இல்லை.

பில் இப்படி: ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் கால்), ஷாக் (பின்பக்க அதிர்வுத் தாங்கி) இரண்டையும் பிரித்து, உள்ளே எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வ் மாற்றியதற்கு 14,000. முன்னும் பின்னும் கனமான, அதாவது விறைப்பு அதிகமான ஸ்பிரிங் 13,500. இசியூ ரீமேப், அதாவது எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டரின் செட்டிங்கை (மேப்) மாற்றுவது, 9,000. எண்ணெய், சீல், கூலி 10,000. எல்லாம் வெள்ளைத் தாளில் பேனாவால் எழுதியது. ஜிஎஸ்டி எண் கிடையாது. பணத்தை ஜிபேயில் போட்டேன், அது ஒன்றுதான் நான் செய்த புத்திசாலித்தனம்.

வண்டி பளபளவென்று வந்தது. பின் ஸ்பிரிங் மஞ்சள் நிறத்தில் மின்னியது. பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது.

முதல் நாள் மூன்றாவது சுற்றிலேயே விழுந்தேன். வூப்ஸ் பகுதியில்தான். நாலைந்து தாண்டும்வரை சரியாகப் போன வண்டி, அதற்கப்புறம் முன்பக்கம் தாழ்ந்துகொண்டே வந்து, ஒரு மேட்டில் கட்டையாகப் போய் இடித்தது. கைப்பிடி முறுக்கிக்கொண்டது. காறை எலும்பில் கீறல், ஆறு வாரம் கை தொட்டிலில். நண்பர் டயர் கேஜை வைத்துப் பார்த்தால் காற்றழுத்தம் 26 பிஎஸ்ஐ! மோட்டோகிராஸ் (மண் ட்ராக் பந்தயம்) டயருக்கு 12, 14க்கு மேல் வேலையே இல்லை. பட்டறையில் ரோட்டு பைக்குக்கு அடிக்கிற மாதிரி அடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

கை சரியானதும் வண்டியை வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். வயதானவர், லேத் பட்டறையிலிருந்து இந்தத் தொழிலுக்கு வந்தவர். அவர் கேட்ட முதல் கேள்வியே, "எந்த ட்ராக் கண்ணு? காலைல ஓட்டுவியா, மத்தியானமா?" என்பதுதான். எனக்குச் சுருக்கென்றது. செம்மண் ட்ராக். காலையில் லாரித் தண்ணீர் அடித்திருப்பார்கள், மண் சக்கரத்தைப் பிடிக்கும், வண்டியில் ஒட்டிக்கொண்டு எடையும் ஏறும். பதினோரு மணிக்கெல்லாம் அதே மண் காய்ந்து, மேலே மாவு மாதிரி தூசி, அடியில் சிமெண்ட் தரை. காலைக்கு ஒரு காற்றழுத்தம், மதியத்துக்கு ஒன்று. ஃபோர்க், ஷாக்கின் இயக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகான கிளிக்கரிலும் ஒன்றிரண்டு கிளிக் மாறும். இதைக் கேட்காமல் எதை வைத்து செட்டிங் போட்டார்கள்?

கிளிக்கரைப் பார்த்தார். வலப்பக்கமாக மெதுவாக, முட்டும்வரை திருப்பி, எத்தனை சொடுக்கு என்று எண்ண வேண்டும். சொடுக்கு குறைந்தால் இறுக்கம் அதிகம். ரீபவுண்ட் (அமுங்கிய ஃபோர்க் திரும்ப நிமிரும் வேகம்) ஃபோர்க்கின் இடது காலில் 15, வலது காலில் 2. இரண்டு காலும் ஒன்றாக இருக்க வேண்டிய ஃபோர்க் இது. ரீபவுண்ட் அவ்வளவு இறுகியிருந்தால், ஒரு மேட்டில் அமுங்கிய ஃபோர்க் அடுத்த மேடு வருவதற்குள் முழுதாக நிமிராது. மேட்டுக்கு மேடு தாழ்ந்துகொண்டே போகும். நான் விழுந்த கதை அப்படியே அதில் இருந்தது.

அப்புறம் சேக் அளந்தார். நம் எடைக்கு வண்டி எவ்வளவு இறங்குகிறது என்ற கணக்கு அது. ஸ்டாண்டில் ஏற்றிப் பின்சக்கரம் தொங்கும்போது அச்சிலிருந்து மட்கார்டில் ஒரு புள்ளிவரை 610 மில்லிமீட்டர். நான் முழுக் கவசத்தோடு உட்கார்ந்தபோது 478. ஆக, 132 இறக்கம். இந்த மாதிரி வண்டிக்கு 105ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்திவைக்கும் பிரீலோட் வளையத்தை ஷாக்கில் காட்டினார். மரையிடுக்கில் பழைய செம்மண் காய்ந்து இறுகிக் கிடந்தது. வளையத்தை ஒரு சுற்று திருப்பியிருந்தால்கூட அது உதிர்ந்திருக்கும்.

அவரே திருப்பி 105க்குக் கொண்டுவந்தார். பிறகு ஆள் இல்லாமல் வண்டி தன் எடைக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தால் 15 மில்லிமீட்டர்தான், 35 பக்கம் வந்திருக்க வேண்டும். கொஞ்சமாக இறங்கினால் ஸ்பிரிங் கனம் என்றுதான் நானும் நினைத்தேன். இல்லையாம். மெல்லிய ஸ்பிரிங்கை அளவுக்கு மீறி அழுத்திவைத்தால்தான் என் எடையைத் தாங்குகிறது, அந்த அழுத்தத்தில் வண்டி தன் எடைக்கு இறங்க மறுக்கிறது. எனக்கு வேண்டிய கனமான ஸ்பிரிங் அங்கே இல்லவே இல்லை என்று அர்த்தம்.

மஞ்சள் நிறத்தை நகத்தால் சுரண்டினார். உரிந்து வந்தது. அடியில் பழைய நிறம். அவரிடம் சர்வீசுக்கு வந்திருந்த இன்னொரு கேஎக்ஸ்250யின் ஸ்பிரிங்கை வெர்னியரால் அளந்து பார்த்தோம். அதே கம்பித் தடிமன், அதே சுற்று. கம்பி 5 சதவீதம் தடித்தாலே விறைப்பு 20 சதவீதத்துக்கு மேல் ஏறிவிடும், அதனால் வெர்னியரிடம் பொய் சொல்ல முடியாது. முன் ஸ்பிரிங்கும் இதே கதை. ஃபோர்க்கிலிருந்து வடிந்த எண்ணெய் சாக்கடை நிறத்தில் இருந்தது. உள்ளே வால்வ் நட்டில் ஸ்பேனர் பட்ட தடமே இல்லை.

ரீமேப்தான் உச்சம். இந்த வண்டியோடு மூன்று சிறிய கப்ளர்கள் வரும்: சாதா மண், இளகிய மண், கெட்டித் தரை. ஒன்றைக் கழற்றி இன்னொன்றைச் செருகினால் மேப் மாறிவிடும், பத்து நொடி வேலை. பழைய ஓனர் கொடுத்த பையோடு அவற்றையும் பட்டறையில் கொடுத்திருந்தேன். கெட்டித் தரைக் கப்ளரைச் செருகிவிட்டு 9,000 வாங்கியிருக்கிறார்கள். மற்ற இரண்டும் திரும்பி வரவே இல்லை.

ஏர் ஃபில்டர் நுரைக்கு எண்ணெய் போடாமல் காய்ந்தபடியே மாட்டியிருந்தார்கள். எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக் குழாய்க்குள் விரலை விட்டுத் தடவினால் செம்மண். மூன்று சுற்றிலேயே நான் விழுந்ததால் எஞ்சின் தப்பித்தது, விழாமல் ஓட்டியிருந்தால் பிஸ்டன் போயிருக்கும். நல்ல வேளையாக விழுந்தாய் என்று வீட்டில் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

பட்டறைக்குப் போய் அந்தத் தம்பியிடம் கேட்டேன். "அண்ணா, நீங்க ஓட்டின விதம் அப்படி" என்றார். பெயிண்டைக் காட்டியதும், "அது பவுடர் கோட்டிங்ணா, கம்பெனியில அப்படித்தான் வரும்" என்றார். கடைசியில், அடுத்த தடவை ஆயில் மாற்றுவதற்குக் கூலி வேண்டாம் என்று ஒரு சலுகை வேறு.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்திருக்கிறேன். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான், 5 லட்சத்துக்குள் உள்ள தொகைக்கு அங்கே கட்டணம் கிடையாது. கையில் இருப்பது ஜிபே ரசீது, பேனாவில் எழுதிய பில், பிரிக்கும்போது எடுத்த வீடியோ. வண்டியை விடுமுன் சேக்கையும் கிளிக்கையும் நானே அளந்து எழுதி, பிரீலோட் வளையத்தைப் போட்டோ எடுத்திருந்தால் இவ்வளவு பாடு இல்லை. கழற்றிய பழைய ஸ்பிரிங்கைக் கையில் கொடு என்றுகூட நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தத் தம்பி அன்றைக்கே திருதிருவென்று விழித்திருப்பார்.

இதே பட்டறையில் அனுபவப்பட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள், புகாரைச் சேர்ந்தே கொடுக்கலாம். ஃபோர்க்கிலிருந்து வடித்த எண்ணெய் ஒரு தண்ணீர் பாட்டிலில் என் ஷெட்டில் இருக்கிறது. "புது எண்ணெய்" எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்படுபவர்கள் வரலாம்.